தட்டுப்போர் – ஒரு கணக்கு

போன வாரம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஊரிலிருந்து அண்ணன் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "இந்த வருசம் தட்டு போடறதுக்கு ஆள் கிடைக்கல கண்ணு" என்றார். மகள் என்னைப் பார்த்து, "பெரியப்பா வீட்ல தட்டு போடக்கூட வேலைக்கு ஆள் வெச்சிருக்காங்களாப்பா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த தட்டு எவர்சில்வர் தட்டு ஒன்றுதான். சோலாப்பூரில் பிறந்து புனேயில் வளர்கிற பிள்ளையிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு மட்டும் ஏதோ செய்தது.

உடுமலைப் பக்கம் நாங்கள் தட்டு என்றால் சோளத்தட்டு. கதிர் அறுத்த பிறகு மிஞ்சுகிற தண்டும் தோகையும். அதைக் காயவைத்து, கட்டுக் கட்டி, களத்தோரம் அடுக்கினால் தட்டுப்போர். விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்து நண்பர்கள் தட்டை என்பார்கள், அடுக்கியதைப் படப்பு என்பார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு வைக்கோல் போர்தான் போர். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். மழை இல்லாத மாதங்களில் மாடு உயிரோடு இருக்க வேண்டும். அதற்கான சேமிப்புக் கணக்கு அது. பாஸ்புக் கிடையாது, அவ்வளவுதான்.

இந்தச் சேமிப்புக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. நான் வேளாண்மை படித்தவன் இல்லை, பி.காம். ஆனால் வங்கி வேலையில் சேர்ந்தபின் இந்த விஷயத்தில் ஒரு தடவை நன்றாக அடிபட்டேன். அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்ததை எழுதிவைக்கலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அடியைச் சொல்லிவிடுகிறேன்.

2012ல் சோலாப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். அந்தப் பக்கம் முழுக்க ரபி பருவச் சோளம். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் விதைத்து, கரிசல் மண்ணில் தங்கிய ஈரத்தை வைத்தே விளைவித்து, மாசியில் எடுப்பார்கள். அரிவாள் போடுவதுகூட இல்லை. பெரும்பாலும் வேரோடு பிடுங்கி எடுப்பார்கள். அடித்தண்டில் ஒரு சாண் வீணாகக்கூடாது பாருங்கள். கதிரை ஒடித்துவிட்டு மீதியைக் கட்டாகக் கட்டினால் அதற்குப் பெயர் கடபா. நூறு கட்டு இன்ன விலை என்று பேரம். அடுக்கிவைத்த போருக்கு மராட்டியில் கஞ்சி! முதல் முறை ஒருவர் "சாகேப், என் கஞ்சியை வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டபோது வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிறாராக்கும் என்று நினைத்தேன். (மெஷினில் பொடியாக நறுக்கிய தட்டுக்குக் குட்டி என்று பெயர். ஒரு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.)

அப்படிக் கூப்பிட்டவர் அறுபது வயதுப் பெரியவர். ஊரே அவரைக் காகா என்று கூப்பிடும். நம்ம காக்கா இல்லை, சித்தப்பா முறை. இரண்டு வருடத்துக் கடபாவை விற்காமல் அடுக்கி வைத்திருந்தார். வீட்டில் ஏதோ அவசரச் செலவு. "இந்தக் கஞ்சிகளை ஈடாக வைத்துக்கொண்டு கொஞ்சம் பணம் கொடுங்கள், விற்க மனசில்லை" என்றார். கிடங்கு ரசீதின் பேரில் சோளத்துக்குக் கடன் உண்டு, துவரைக்கு உண்டு. தட்டுக்கு எங்கே போவது? அதை எந்தக் கிடங்கும் வாங்காது, தரம் பிரிக்க ஆள் இல்லை, ஒரு தீக்குச்சி போதும். மார்ச் முடிவு நெருக்கடி வேறு. மதிப்பு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி மூடிவிட்டேன். விதிப்படி சரி. இன்றைக்கு ஆடிட் வந்தாலும் சரிதான்.

அவர் கஞ்சிகளை அந்த மாசியிலேயே, ஊரெல்லாம் புதுத் தட்டு வந்து விலை இறங்கிக் கிடந்த நேரத்தில் விற்றார். அந்த வருடம் மழை பொய்த்தது. 2012–13 மகாராஷ்டிர வறட்சி உங்களுக்கு நினைவிருக்கலாம். தீவனம் கிடைக்காமல் மாவட்டம் முழுக்க மாட்டு முகாம்கள் போட்டார்கள். கடபா விலை எங்கோ போய்விட்டது. காகா தன் ஜோடி எருதுகளைச் சந்தையில் விற்றுவிட்டார் என்று கிளைக் காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதன் பிறகும் அவர் வங்கிக்கு வருவார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கல்லூரியில் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் இரண்டு சொற்களை மண்டையில் ஏற்றினார். ஒன்று கூட்டு உற்பத்தி. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வருகிற மாதிரி, இரண்டுக்குமே மதிப்பு. இன்னொன்று துணை விளைபொருள். சர்க்கரை ஆலையில் மொலாசஸ் மாதிரி, வந்தால் லாபம், வராவிட்டால் போகட்டும். சோளத்தட்டு இதில் எந்த வகை? நான் எழுதிய 'இல்லை' அதை இரண்டாம் வகைக்கும் கீழே தள்ளிவிட்டது. நம்ம அப்பாரு காலத்து ஆட்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

இனி சரித்திரம்.

சோளம் ஆப்பிரிக்கப் பயிர். சூடான் பக்கத்தில் மனிதன் பழக்கி, இந்தியாவுக்கு வந்து ஏறத்தாழ 4000 வருடம் ஆகிறது என்கிறார்கள். வந்த இடத்தில் நமக்கு மாடு இருந்தது. அதனால் இங்கே சோளம் ஆரம்பத்திலிருந்தே மனிதனுக்குக் கதிர், மாட்டுக்குத் தட்டு என்று இரட்டைப் பயிராக நிலைத்தது. எந்த விவசாயியும் விதை பொறுக்கும்போது கதிரை மட்டும் பார்த்திருக்க மாட்டான். உயரம், தோகை, தண்டில் இனிப்பு எல்லாம் பார்த்துத்தான் எடுத்திருப்பான்.

மக்காச்சோளத்தின் கதை வேறு. அது தென்மேற்கு மெக்சிகோவில், தியோசிந்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து சுமார் 9000 வருடங்களுக்கு முன் உண்டானது. அங்கே ஸ்பானியர்கள் போகும்வரை மாடே கிடையாது. ஆக, ஆயிரக்கணக்கான வருடம் மனிதன் கதிரை மட்டும் பார்த்துப் பொறுக்கி எடுத்த பயிர் அது. தண்டு தடித்தாலும் மரம் மாதிரி ஆனாலும் அவனுக்கு என்ன கவலை? இன்றைக்கு நம்ம ஊர் மாடு மக்காச்சோளத்தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றால், அதற்கு இந்தப் பழைய காரணமும் ஒன்று என்பது என் கணிப்பு. (போர்த்துகீசியர்கள் மூலம் இந்தியாவுக்கு வந்ததாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். மக்காவிலிருந்து வந்தது என்று நினைத்து நாம் பெயர் வைத்துவிட்டோம். ஐரோப்பாவில் இதையே துருக்கிக் கோதுமை என்றார்கள். எந்த ஊரிலும் சரியான விலாசம் எழுதவில்லை!)

மாடும் மக்காச்சோளமும் பெரிய அளவில் சந்தித்துக்கொண்டது வட அமெரிக்காவில். ஒஹாயோ மாநிலத்தில் சியோட்டோ ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று ஒரு இடம். அங்கே மக்காச்சோளம் கொட்டோ கொட்டென்று விளைந்தது. விற்கத்தான் வழியில்லை. ரயில் கிடையாது, மலை தாண்டி வண்டியில் கொண்டுபோனால் வண்டிக்கூலியே தேறாது. 1805ல் ஜார்ஜ் ரெனிக் என்பவர் மக்காச்சோளம் தின்று கொழுத்த 68 மாடுகளைக் கால்நடையாகவே பால்டிமோர் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றார். தானியத்துக்குக் கால் முளைக்கவைத்த மாதிரி. பயிரை முழுசாக வெட்டி, கதிரோடு கூம்பு கூம்பாக வயலிலேயே நிறுத்திவைப்பது. குளிர்காலத்தில் கூம்பைப் பிரித்துப் போட்டால் மாடு கதிரும் தோகையும் தின்னும், சிந்தியதைப் பின்னால் வரும் பன்றி பொறுக்கும். ஒன்றும் வீண் இல்லை. அமெரிக்க விவசாயப் படங்களில் வயல் முழுக்கக் கூடாரம் மாதிரி நிற்குமே, அது இதுதான்.

ஆனால் அங்கே குளிர்காலத்தில் மழையும் பனியும். கூம்பின் மேல்தோகை கறுத்து உதிர்ந்துவிடும். சத்து இருப்பதே தோகையில்தான். இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மக்காச்சோளத்தில் கதிரை மூடிய மட்டையும் தோகையும் மாட்டுக்கு எளிதில் செரிக்கும், தண்டும் சக்கைக்கட்டையும் அவ்வளவாகச் செரிக்காது. மாட்டை அறுவடையான காட்டில் விட்டால் சிந்திய மணி, மட்டை, தோகை என்று வரிசையாகத் தின்றுவிட்டுக் கடைசியில்தான் தண்டுக்கு வரும். நாம் விருந்தில் வடை, பாயசத்தை முதலில் காலி செய்கிற மாதிரி.

எங்கள் அப்பாரு தட்டைக் கட்டுவது விடியற்காலையில், பனி ஈரம் இருக்கும்போது. வெயில் ஏறினால் தோகை நொறுங்கிக் காட்டிலேயே போய்விடும் என்பார். சின்ன வயதில் அரைத்தூக்கத்தில் எழுப்பிவிடுவதற்கு ஒரு சாக்கு என்று நினைத்துக்கொள்வேன். போர் அடுக்குவதிலும் ஒரு வாத்தியார்த்தனம் உண்டு. அடியில் கல் பரப்பி அதன்மேல் பழைய கட்டைகள், கரையான் ஏறாமல் இருக்க. அடித்தண்டு வெளியே, தோகை உள்ளே. நடு எப்போதும் மேடாக இருக்க வேண்டும், பள்ளம் விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பூசணம். மேலே பனையோலையோ பழைய வைக்கோலோ வேய்ந்துவிடுவார். எடுக்கும்போது ஒரே பக்கமாக எடுக்க வேண்டும். நாலு பக்கமும் உருவினால் ஆத்தா கையில் அடி நிச்சயம். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிக் கறுத்துப்போகும். போருக்குள் கையை விட்டுப் பார்த்தே சூடு சொல்வார். வீட்டிலிருந்து தள்ளித்தான் போர் போடுவார்கள், தீப்பயம்.

இந்த முறை ஏன் நமக்குச் சரிப்பட்டது என்றால், ரபிச் சோளம் எடுத்த பிறகு மாசக்கணக்கில் மழை இல்லை. வெயிலே நமக்குக் கிடங்கு. அமெரிக்காவின் வடபகுதிக்கும் ஐரோப்பாவுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால்தான் அவர்கள் வேறு வழி தேடினார்கள். காயவைக்காமல், பச்சையாகவே வெட்டி, காற்றுப்புகாமல் அழுத்திப் புளிக்கவைப்பது. நம்ம ஆவக்காய் ஊறுகாய் மாதிரிதான், உப்புக்குப் பதில் புளிப்பு காக்கிறது. பிரான்சில் ஒகுஸ்ட் கோஃபார் என்பவர் பல வருடம் இதைச் செய்துபார்த்து 1877ல் புத்தகம் போட்டார். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஃப்ரெட் ஹாட்ச் என்ற விவசாயி 1873ல் நிமிர்ந்த சைலோ ஒன்று கட்டினார், அந்த நாட்டின் முதல் நிமிர்ந்த சைலோ என்று அதைத்தான் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தில் நக்கல். புளித்த தீனி தின்றால் மாட்டுக்குப் பல் கொட்டும், போதை ஏறும் என்றெல்லாம் பேச்சு. சைலேஜ் தின்ற மாட்டுப் பாலை வாங்க மாட்டோம் என்று சில பாலாலைகள் மறுத்ததும் நடந்தது. முப்பது நாற்பது வருடத்தில் எல்லாரும் கட்டிவிட்டார்கள். நம்மூரில் மட்டும்தான் புதுசு என்றால் நக்கல் என்று நினைத்திருந்தேன்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சைலேஜ் என்பது மணி பால்பிடித்துக் கெட்டியாகும் பருவத்தில் முழுப்பயிரையும் வெட்டுவது. மனிதனுக்குத் தானியம் கிடையாது, எல்லாம் மாட்டுக்கே. நான் பேசுகிற தட்டு, கதிர் எடுத்த பின் மிஞ்சுவது. அதை அப்படியே புளிக்கவைக்க ஈரமும் இனிப்பும் போதாது.

இங்கே இரண்டு அமெரிக்கக் கதைகளைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை.

கதிர் எடுத்த காட்டில் மேய்ந்த மாடுகள் திடீர் திடீரென்று செத்துவிழுந்தன. 'தட்டு நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். கன்சாஸில் மாயோ என்ற கால்நடை மருத்துவர் 1895ல் அப்படிச் செத்த மாடுகளைப் பார்த்து, அவை தின்ற மக்காச்சோளத்தட்டில் வெடியுப்பு நிறைந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார். பயிர் மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சுகிறது. வறட்சியில் வளர்ச்சி நின்றுபோனால் அது தண்டிலேயே தங்கிவிடுகிறது. காயவைத்தாலும் போகாது. நம்ம சோளத்தில் வேறு விஷம். இளம்பயிர், அதுவும் வாடிய பயிர், கடித்தால் மாடு போய்விடும் என்று எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். அது சயனைடு. நன்றாகக் காய்ந்தால் பெரும்பகுதி போய்விடும். ஆக, எங்களூர்க் களத்து வெயில் தட்டைக் காக்க மட்டும் இல்லை, மாட்டையும் காக்கத்தான்.

இரண்டாவது, விஸ்கான்சின் பரிசோதனை. 1907லிருந்து 1911 வரை நடந்தது. பாப்காக் என்ற ரசாயனப் பேராசிரியரின் யோசனை. (பாலில் கொழுப்பு அளக்கும் முறையைக் கண்டுபிடித்தவரும் அவரே.) அப்போதைய கணக்குப்படி புரதம் இவ்வளவு, மாவுச்சத்து இவ்வளவு என்று சரியாக இருந்தால் எந்தத் தீனியும் ஒன்றுதான். அவருக்கு அது நம்பிக்கையாக இல்லை. 16 கிடாரிகளை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மக்காச்சோளச் செடியிலிருந்து வந்தது மட்டும், மணி, தட்டு எல்லாம் சேர்த்து. ஒரு குழுவுக்குக் கோதுமைச் செடி, ஒன்றுக்கு ஓட்ஸ், இன்னொன்றுக்கு மூன்றும் கலந்து. காகிதத்தில் சத்துக்கணக்கு நாலுக்கும் சமம். பலன்? மக்காச்சோளக் குழு பளபளவென்று இருந்து நல்ல கன்று போட்டது. கோதுமைக் குழுவின் கன்றுகள் செத்தே பிறந்தன, இல்லை பிறந்து செத்தன. ரசாயனத் தராசுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தீனியில் இருக்கிறது என்று புரிந்தது. அங்கே வேலை பார்த்த மெக்கல்லம் அதைத் துரத்திக்கொண்டே போய், 1913ல் மார்கரீட் டேவிஸ் என்ற பெண்மணியோடு சேர்ந்து வைட்டமின் ஏ என்று பின்னால் பெயர்பெற்ற பொருளைக் கண்டார். நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தின் பூர்வீகத்தில் ஒரு மாட்டுத்தொழுவம் இருக்கிறது. கணக்கில் எல்லாம் சரியாக இருந்தும் கன்று செத்தது. வங்கிக்காரனுக்கு இந்த வரி கொஞ்சம் குத்தும்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே தீவனச் சரித்திரம் என்பது பெரும்பாலும் பஞ்சத்தின் சரித்திரம்.

1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணமும் தக்காணமும் பட்ட பாடு தெரியும். மனிதச் சாவைப் பற்றிப் பேசுகிற அளவு மாட்டுச் சாவைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆனால் மழை திரும்பியபின் உழ எருது இல்லையென்றால் அடுத்த வருடமும் பஞ்சம்தானே? 1889லிருந்து 1891 வரை வோல்கர் என்ற ஆங்கில ரசாயனவாதியை இந்திய விவசாயத்தைத் 'திருத்த' அனுப்பினார்கள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு 1893ல் அறிக்கை கொடுத்தார். இந்தியக் குடியானவன் முட்டாள் இல்லை, பல விஷயங்களில் இங்கிலாந்து விவசாயிக்கு அவன் சளைத்தவனும் இல்லை என்று எழுதினார். சாணத்தை எரிக்காமல் இருக்க விறகுக்கும், மாட்டுக்குத் தீவனத்துக்கும் தனிக்காடுகள் ஒதுக்குங்கள் என்று வற்புறுத்தினார். காட்டை வேலிபோட்டு வருமானம் பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கத்துக்கு அது எவ்வளவு ருசித்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

ஆறே வருடத்தில் 1899–1900. குஜராத், ராஜஸ்தான் பக்கம் இதை இன்றும் சப்பனியா என்பார்கள், விக்ரம் ஆண்டு 1956. இன்னொரு பெயர் திரிகாலம். தானியம், தண்ணீர், தீவனம் மூன்றும் இல்லாத காலம். முந்தைய பஞ்சங்களில் தானியத்தை ரயிலில் ஏற்றி அனுப்பலாம் என்று கற்றிருந்தார்கள். தட்டும் புல்லும் அப்படி இல்லை, எடை குறைவு, இடம் அதிகம். ஒரு வேகன் முழுக்க ஏற்றினாலும் எத்தனை மாட்டுக்கு எத்தனை நாள்? புல் அனுப்பத்தான் செய்தார்கள், போதவில்லை. குஜராத்தின் பேர்பெற்ற மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தானியம் மாதிரி ஊர்விட்டு ஊர் எளிதில் போகாத பொருள் என்பதால், தட்டு இருக்கிற ஊரில் இருந்தால்தான் உண்டு. காகா 'விற்க மனசில்லை' என்றதன் அர்த்தம் இந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த திருப்பம் 1964. இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளம், சி.எஸ்.எச்.1. குட்டை, மணி அதிகம். விளைச்சல் புள்ளிவிவரத்தில் அமோகம். விவசாயிகள் பலர் முகம் சுளித்தார்கள், தட்டு குறைவு என்று. படித்தவர்கள் இவர்களைப் பழமைவாதிகள் என்றார்கள். அதே சமயம் சோலாப்பூர் பக்கம் மால்தண்டி என்ற ரகம், 1930களில் மோஹோல் பண்ணையில் தேர்ந்தெடுத்த எம்.35–1, ஆளுயரத்துக்குமேல் வளர்வது, அசையாமல் நின்றது. இன்றைக்கும் ரபியில் அதை விதைக்கிறார்கள். எத்தனை புதுரகம் வந்தும் அதை முழுசாக அகற்ற முடியவில்லை. மணி ருசி ஒரு காரணம், கடபா இன்னொரு காரணம். 1972 மகாராஷ்டிர வறட்சியைப் பார்த்தவர்களிடம் போய்த் தட்டு குறைந்தால் என்ன என்று கேட்க முடியுமா?

பிறகுதான் விஞ்ஞானிகள் சந்தைக்குப் போனார்கள். 2004–05ல் ஹைதராபாத் தீவனக் கடைகளில் மாதாமாதம் விலை எடுத்தார்கள், புளூம்மலும் பார்த்தசாரதி ராவும் எழுதிய ஆய்வு. தட்டின் செரிமானத் தன்மை 47 சதவீதத்திலிருந்து 52க்குப் போனால் விலை 25 சதவீதம் அதிகம். எருமை வளர்க்கும் பால்காரர் எந்த லேபுக்கும் போகவில்லை. கையில் ஒடித்து, முகர்ந்து பார்த்து, சரியாக விலை போட்டிருக்கிறார். தரம் பிரிக்க ஆள் இல்லை என்று நான் நினைத்தேன் பாருங்கள், ஆள் கடைவாசலிலேயே இருந்திருக்கிறார்.

இன்னொன்று, இது என் தொழில் சம்பந்தப்பட்டது. மத்திய அரசு பயிர்ச் சாகுபடிச் செலவைக் கணக்கெடுக்கிறது, 1970–71லிருந்து. ஆதரவு விலை நிர்ணயத்துக்கு இதுதான் அடிப்படை. அதில் மொத்தச் செலவையும் தானியத்தின் தலையில் கட்டுவதில்லை. தானியத்தின் மதிப்பு, தட்டின் மதிப்பு, இந்த விகிதத்தில் செலவைப் பிரிக்கிறார்கள். பெயர் என்னவோ துணை விளைபொருள்தான், கணக்கு போடுவது கூட்டு உற்பத்தி முறையில். ஆக, செலவைக் குறைத்துக் காட்டும்போது தட்டுக்கு மதிப்பு உண்டு. கடன் கேட்டு வந்தால் இல்லை. பயிர்க் காப்பீட்டிலும் அளப்பது தானிய விளைச்சலை. களத்தில் அடுக்கிய போர் எரிந்தால் அதில் கேட்க இடமில்லை. இதைத் தெரிந்துகொண்ட அன்று ஆபீசில் வேலை ஓடவில்லை.

நம்ம ஊர்க் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறது. உடுமலை, பெரம்பலூர், திண்டுக்கல் என்று மக்காச்சோளம் பரவியது நாமக்கல் கோழிகளுக்காக. கோழிக்கு மணி போதும். தட்டு என்ன ஆகிறது? தண்டு தடிமன், நறுக்கிப் போட்டால்தான் மாடு தின்னும். நறுக்கினால் நன்றாகவே தின்னும். தோகை பழுக்கும் முன் எடுத்துக் காயவைத்தால் சோளத்தட்டுக்கு ரொம்பக் கீழே ஒன்றும் இல்லை. 100 கிலோ தட்டுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் இறுக்கி மூடிவைத்தால் சத்து கூடும் என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். (அளவு மீறினால் விஷம். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் முயல வேண்டாம்.) ஆனால் ஆள்? அறுவடை மெஷின் வந்து மணியை எடுத்துக்கொண்டு தட்டை நசுக்கிப் பரப்பிவிட்டுப் போகிறது. 2018ல் படைப்புழு கர்நாடகா வழியாக வந்தபின் குருத்துக்குள் மருந்து அடிக்கிறார்கள். அந்தத் தோகையை மாட்டுக்குப் போட அண்ணனுக்குப் பயம். நியாயமான பயம்தான். பாதிக் காடுகளில் ரொட்டாவேட்டர் ஓட்டி மடக்கி உழுகிறார்கள், சிலர் கொளுத்திவிடுகிறார்கள். மடக்கி உழுதால் மண்ணுக்காவது ஆச்சு. கொளுத்துவதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அண்ணன் போன் செய்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கறவை மாடு இருக்கிறது. தட்டு போட ஆள் இல்லை, கடையில் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது, விற்றுவிடலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டார். "நீ பேங்கில இருக்கறவன், கணக்குப் போட்டுச் சொல்லு கண்ணு" என்றார்.

அன்று இரவு ஒரு தாளில் எழுதினேன். நாலு ஏக்கர் மக்காச்சோளம். இந்தத் தடவை தட்டு என்ற வரியில் 'இல்லை' என்று எழுதவில்லை. உடுமலைச் சந்தையில் இன்றைக்குத் தட்டு என்ன விலை என்று அண்ணனையே விசாரிக்கச் சொன்னேன். கட்டுக் கூலி, நறுக்கும் மெஷின் வாடகை, மெஷின் அறுவடையை விட்டுக் கையால் கதிர் ஒடித்தால் கூடும் செலவு எல்லாம் கழித்தேன். லாபம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை, அதையும் மறைக்காமல் சொன்னேன். நாலு ஏக்கருக்கும் செய்தால் கைநஷ்டம். ஒரு ஏக்கரை மட்டும் மருந்து குறைத்து, கையால் ஒடித்து, தட்டாக எடுத்தால் இரண்டு மாட்டுக்கு வைகாசி வரை ஓடும்.

"ஒரு ஏக்கர்னா நானும் உங்கண்ணியுமே கட்டிப்போடுவோம், விடியக்காலம் எந்திரிச்சா போதும்" என்றார் அண்ணன். அப்புறம், "அப்பாரு போர் போட்ட கல்லு மேலதான் இப்ப மொபெட்டு நிக்குது, அதைத்தான் நகர்த்தோணும்" என்றார்.